குவாண்டம் பிழைதிருத்தச் சிமுலேஷன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

க்யூபிட்களை (குவாண்டம் பிட்களை) சதுரக் கட்டத்தில் அடுக்கித் தகவலைக் காக்கும் பிழைதிருத்தக் குறியீடு சர்ஃபேஸ் கோட். அது எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று தேடிப் பாருங்கள். 10.9 சதவீதம் என்று ஒரு கட்டுரை சொல்லும், 2.9 சதவீதம் என்று இன்னொன்று சொல்லும். ஏறத்தாழ 1 சதவீதம் என்று மூன்றாவது சொல்லும். மூன்றும் சரியான எண்கள்தான். இவற்றைப் பிழை வரம்பு என்கிறோம்: கருவியின் பிழை விகிதம் இந்த வரம்புக்குக் கீழே இருந்தால், குறியீட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்கத் தருக்க க்யூபிட்டின் (பல க்யூபிட்கள் சேர்ந்து காக்கும் ஒற்றைக் க்யூபிட்டின்) பிழை குறைந்துகொண்டே போகும், மேலே இருந்தால், பெரிதாக்குவதே கேடாகிவிடும்.

முதல் எண்ணின் உலகில் தகவலைத் தாங்கும் தரவு க்யூபிட்கள் மட்டும்தான் புரளும், அளவீடு ஒருபோதும் பொய் சொல்லாது. இரண்டாவதில் அளவீடும் தவறலாம். ஆனால் அந்த அளவீட்டைச் செய்துதரும் கேட்கள் (க்யூபிட்கள் மீது செய்யும் அடிப்படைச் செயல்கள்) பழுதற்றவை. மூன்றாவதில்தான் ஒவ்வொரு கேட்டும், ஒவ்வொரு அளவீடும், சும்மா காத்திருக்கும் ஒவ்வொரு க்யூபிட்டும் பிழைக்கு ஆளாகும். ஆய்வகத்தில் இருக்கும் கருவி மூன்றாவது உலகத்தைச் சேர்ந்தது. முதல் எண்ணை எடுத்துத் தன் கருவியின் கேட் பிழையோடு ஒப்பிட்டு, வரம்புக்கு வெகு கீழே இருக்கிறோம் என்று மகிழ்வதுதான் இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் மிக அதிகமாகச் செய்யும் தவறு. எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எந்த இரைச்சல் மாதிரியில்?

வரம்புக்குக் கொஞ்சம் கீழே வந்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. வரம்பை ஒட்டி நின்றால் ஆயிரம் க்யூபிட் சேர்த்தும் ஆதாயம் மிகச் சொற்பம். 2024 டிசம்பரில் வெளியான கூகுள் நிறுவனத்தின் வில்லோ சில்லு முடிவுகளைப் பாருங்கள். குறியீட்டின் தூரத்தை (தருக்கப் பிழை உண்டாகக் குறைந்தது எத்தனை க்யூபிட்கள் தவற வேண்டும் என்ற எண்ணை) 3, 5, 7 என்று உயர்த்தியபோது ஒவ்வொரு படியிலும் தருக்கப் பிழை சுமார் 2.14 மடங்கு குறைந்தது. இது பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் தூரம் d என்றால் d² தரவு க்யூபிட்களும், அவற்றில் பிழை உண்டா என்று அளக்க d²−1 துணை க்யூபிட்களும் வேண்டும். தூரம் 7-க்கே 97. பத்து லட்சம் மடங்கு பிழைக்குறைப்பு வேண்டுமானால் இந்த 2.14-ஐ எத்தனை முறை பெருக்க வேண்டும், அதற்கு எத்தனை க்யூபிட் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கேட்டின் தரத்தை உயர்த்துவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

இரைச்சல் மாதிரி பற்றி இன்னும் ஒன்று. பலரும் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவது. சிமுலேஷனில் பெரும்பாலும் பௌலி இரைச்சலைத்தான் போடுகிறோம்: குறிப்பிட்ட நிகழ்தகவில் பிட் புரட்டு (0, 1 இடம் மாறுவது), கட்டப் புரட்டு (இரண்டும் கலந்த நிலையில் 1-இன் குறி மாறுவது), இரண்டும் சேர்ந்த புரட்டு. கணக்கிட வசதியான மாதிரி இது. உண்மைக் கருவியிலோ கேட் ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் சற்று அதிகமாகச் சுழற்றிவிடலாம். 0.01 ரேடியன் கூடுதல் சுழற்சியை வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்குப் புரளும் நிகழ்தகவு 0.000025. இதைத் தற்செயல் பிழையாகக் கருதினால் நூறு முறைக்கு 0.25 சதவீதம். ஆனால் சுழற்சிகள் ஒரே திசையில் கூடினால் மொத்தம் 1 ரேடியன். புரளும் நிகழ்தகவு 23 சதவீதம்! சராசரிக் கேட் பிழை என்ற ஒற்றை எண் இந்த வேறுபாட்டைக் காட்டாது. பிழைதிருத்த அளவீடுகள் இத்தகைய பிழைகளை ஓரளவு சிதறடிக்கின்றன என்பது உண்மைதான். அதை நம்பிச் சோதிக்காமல் விடக்கூடாது. சிறிய குறியீட்டிலாவது முழுச் சிமுலேஷன் செய்து, பௌலி மாதிரியின் விடையோடு ஒப்பிட வேண்டும்.

குறியீட்டைப் பற்றிய அடிப்படைத் தவறான புரிதல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். க்யூபிட்டைப் பல நகல் எடுத்துப் பெரும்பான்மை பார்ப்பது அல்ல குவாண்டம் பிழைதிருத்தம். அறியாத நிலையை நகலெடுக்க முடியாது என்பது 1982-லேயே நிறுவப்பட்டது. 1995-இல் பீட்டர் ஷோர் தந்த ஒன்பது க்யூபிட் குறியீடு, தகவலைப் பின்னலுக்குள் (க்யூபிட்களைத் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைக்கும் குவாண்டம் தொடர்புக்குள்) பரப்பிவைத்து, க்யூபிட்டின் மதிப்பைக் கேட்காமல் க்யூபிட்களுக்கிடையேயான ஒற்றுமையை மட்டும் அளக்கிறது. 0-வை 000 என்றும் 1-ஐ 111 என்றும் எழுதும் மூன்று க்யூபிட் மறுநிகழ்வுக் குறியீட்டைச் சோதித்துவிட்டுப் பிழைதிருத்தம் வேலை செய்கிறது என்று அறிவிப்பவர்கள், அது கட்டப் புரட்டைத் திருத்தாது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அளவீட்டையும் ஒரே சுற்றோடு நிறுத்தக்கூடாது. துணை க்யூபிட் தந்த விடையே பிழையாக இருக்கலாம் என்பதால், வழக்கமாக d தூரத்துக்குச் சுமார் d சுற்றுகள் அளந்து, சுற்றுக்குச் சுற்று எது மாறியது என்பதை, நடந்த பிழையை ஊகிக்கும் நிரலான டிகோடருக்குக் கொடுக்கிறோம். கேட்களின் வரிசையும் முக்கியம். துணை க்யூபிட்டில் நடுவில் விழும் ஒரு பிழை இரண்டு தரவு க்யூபிட்களுக்குப் பரவும். அந்த இரண்டும் தருக்கப் பிழையின் திசையிலேயே அமைந்துவிட்டால் குறியீட்டின் தூரம் பாதியாகிவிட்டது போலத்தான். தாளில் தூரம் 5, உண்மையில் ஓடும் கேட் வரிசையில் தூரம் 3.

டிகோடர் விஷயத்தில், மிக அதிக நிகழ்தகவுள்ள ஒரு பிழையைக் கண்டுபிடிப்பதே சிறந்தது என்று எண்ணுவது இயல்பு. உண்மையில் ஒரே விளைவைத் தரும் பிழைகள் ஏராளம். அவற்றை வகைகளாகத் தொகுத்து, எந்த வகையின் மொத்த நிகழ்தகவு அதிகம் என்று பார்ப்பதே உகந்தது. மேலே சொன்ன 10.9 அப்படிப்பட்ட உகந்த டிகோடருக்கான எண். பிழைச் சுட்டுகளை இரண்டிரண்டாக இணைக்கும், பரவலாகப் பயன்படும் இணையாக்க டிகோடருக்கு அது 10.3. வேகத்தையும் மறந்துவிடக்கூடாது. மீக்கடத்திக் கருவியில் ஓர் அளவீட்டுச் சுற்று சுமார் 1 மைக்ரோ விநாடி. டிகோடர் அதைவிட மெதுவாக ஓடினால் தீராத வேலை குவிந்துகொண்டே போகும்.

இனி சிமுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது. 50 க்யூபிட்டுக்கு மேல் சாதாரணக் கணினியால் முடியாது என்ற வாசகம் எங்கும் புழங்குகிறது. n க்யூபிட்டுக்கு 2ⁿ கலப்பெண்களையும் நினைவகத்தில் வைக்கும் நிலை வெக்டர் முறைக்கு மட்டும் அது பொருந்தும். ஒரு கலப்பெண்ணுக்கு 16 பைட் என்றால் 30 க்யூபிட்டுக்கு 16 ஜிகாபைட், 40-க்கு 16 டெராபைட், 50-க்கு 16 பெட்டாபைட். இரைச்சலைச் சேர்க்க, நிலைகளின் நிகழ்தகவுக் கலவையையும் எழுதும் அடர்த்தி அணிக்குப் போனால் 15 க்யூபிட்டிலேயே 16 ஜிகாபைட் தீர்ந்துவிடும். அங்கே தற்செயல் பாதைகளைப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுப்பதே நடைமுறை வழி. ஆனால் கிளிஃபோர்ட் கேட்களும் (பௌலி புரட்டை இன்னொரு பௌலி புரட்டாகவே மாற்றும் கேட்கள்) பௌலி இரைச்சலும் மட்டும் இருந்தால், கோட்டஸ்மன்–நில் தேற்றத்தின்படி ஆயிரக்கணக்கான க்யூபிட்களையும் மடிக்கணினியில் ஓட்டலாம். கிரெய்க் கிட்னி 2021-இல் வெளியிட்ட ஸ்டிம் என்ற சிமுலேட்டர் இதற்கென்றே எழுதப்பட்டது. சர்ஃபேஸ் கோடின் கேட் சுற்றை நிலை வெக்டரில் ஓட்ட முயன்று நாட்களைத் தொலைப்பது வீண்.

பின்னல் அதிகமானால் கணக்கிடுவது கடினம் என்பதும் பாதி உண்மைதான். கிளிஃபோர்ட் கேட் சுற்றுகள் உச்சப் பின்னலை உருவாக்கினாலும் எளிதாகவே இருக்கின்றன. பின்னல் குறைவாக இருக்கும் ஒருபரிமாண அமைப்புகளுக்கோ, நிலையைச் சிறு அணிகளின் தொடராக எழுதும் டென்சர் வலையமைப்பு முறை பொருந்தும். 1992-இல் ஸ்டீவன் வொயிட் தந்த முறையிலிருந்து வளர்ந்த குடும்பம் அது. அங்கே செய்யக்கூடாத தவறு, அந்த அணிகளின் அளவான பிணைப்புப் பரிமாணத்தின் ஒரே ஒரு மதிப்பில் ஓட்டிவிட்டு விடையை நம்புவது. அதை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். விடை நகர்ந்தால் இன்னும் விடை வரவில்லை என்று பொருள். 2023 ஜூனில் ஐபிஎம் 127 க்யூபிட் கருவியில் செய்த பரிசோதனையை, சில வாரங்களுக்குள் பல குழுக்கள் சாதாரணக் கணினிகளில் கணக்கிட்டுக் காட்டின. ஒரு முறையால் முடியவில்லை என்பதை எந்த முறையாலும் முடியாது என்று படித்துவிடக்கூடாது.

அந்தப் பரிசோதனை பயன்படுத்தியது பிழைதிருத்தம் அல்ல, பிழைத்தணிப்பு. இரைச்சலை வேண்டுமென்றே கூட்டி அளந்து, சுழியத்துக்கு நீட்டிக் கணிக்கும் வழி அது. தகவல் காக்கப்படுவதில்லை, சராசரிதான் சரிசெய்யப்படுகிறது. கேட் சுற்று ஆழமாக ஆழமாக, தேவைப்படும் ஓட்டங்கள் அடுக்கேற்றமாகப் பெருகும்.

குவாண்டம் கருவியிலேயே ஓர் அமைப்பின் கால மாற்றத்தைச் சிமுலேஷன் செய்பவர்கள், ட்ராட்டர் படிகளைச் (அந்த மாற்றத்தைப் பிரித்தோட்டும் காலத்துண்டுகளைச்) சிறிதாக்கினால் துல்லியம் கூடும் என்று நம்புகிறார்கள். முதல் வரிசை முறையில் படிகளின் எண்ணிக்கை r என்றால் கணிதப் பிழை 1/r ஆகக் குறையும். கேட் இரைச்சலோ r-க்கு ஏற்பக் கூடும். எனவே நடுவில் ஓர் உகந்த r உண்டு. அதைத் தாண்டி நுணுக்கினால் விடை கெடும்.

கடைசியாக, மிகச் சிறிய பிழை விகிதங்களை மதிப்பிடுவது. பத்து லட்சம் ஓட்டத்தில் ஒரு தருக்கப் பிழையும் வரவில்லை என்றால், விகிதம் சுழியம் என்று ஆகாது. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல முடிவது, அது பத்து லட்சத்துக்கு 3-க்குக் கீழே என்பது மட்டுமே. ஆகவே சிறிய தூரங்களில் அளந்து, பெரிய தூரத்துக்குக் கோடு நீட்டுகிறோம். அந்தக் கோடு மாதிரியில் இருக்கும் இரைச்சலை மட்டுமே அறியும். வில்லோ பணியிலேயே மறுநிகழ்வுக் குறியீட்டைத் தூரம் 29 வரை கொண்டுபோனபோது, பிழை கோட்டின்படி இறங்காமல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ மணிக்கு ஒருமுறை, அதாவது சுமார் 300 கோடிச் சுற்றுகளுக்கு ஒருமுறை, பல க்யூபிட்களை ஒருசேரப் பாதிக்கும் நிகழ்வு வந்தது. ஒவ்வொரு க்யூபிட்டும் தனித்தனியே பிழை செய்யும் என்று எழுதப்பட்ட சிமுலேஷனை எத்தனை கோடி முறை ஓட்டினாலும் அந்த நிகழ்வு அதில் தோன்றாது.