ஸ்டெயின்லெஸ் கத்தியைப் பதப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்பன் ஸ்டீலைக் காய்ச்சிப் பழகியவர்கள் ஸ்டெயின்லெஸ் கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் படியிலேயே. காந்தம் ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் காய்ச்சி எண்ணெயில் தோய்ப்பது கார்பன் ஸ்டீலுக்குச் சரி. சுமார் 800 டிகிரி செல்சியஸில் அது தயாராகிவிடும். 13 சதவீதக் குரோமியமும் 0.67 சதவீதக் கார்பனும் உள்ள ஏஇபி-எல் ஸ்டீலில், அந்தச் சூட்டில் கார்பனில் பெரும்பங்கு குரோமியம் கார்பைடுக்குள், அதாவது குரோமியமும் கார்பனும் சேர்ந்த கடினத் துகள்களுக்குள், அடைபட்டே கிடக்கும். 1065 முதல் 1080 டிகிரி வரை போனால்தான் கார்பைடு போதிய அளவு கரையும். கரைந்த கார்பன் கடினம் தரும், கரைந்த குரோமியம் துருவைத் தடுக்கும். கார்பைடாகவே நிற்கும் குரோமியத்தால் துருவுக்குத் தடை இல்லை. சூடு போதாத கத்தி மழுங்குவதோடு துருவும் பிடிப்பது இதனால்தான்.

சூடு ஏற ஏறக் கடினமும் ஏறும் என்று 1100ஐத் தாண்டுவதும் தவறு. அளவுக்கு மீறிக் கார்பன் கரைந்தால், குளிர்ந்த பிறகும் கடின நிலைக்கு மாறாத ஆஸ்டினைட் (சூட்டில் ஸ்டீல் எடுக்கும் மென்மையான படிக அமைப்பு) நிறைய மிஞ்சும், கடினம் இறங்கும். இந்த வித்தியாசத்தை உலையின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) உள்ள மின் உலை கட்டாயம். 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள கத்தி அலகுக்கு 10 முதல் 15 நிமிடம் போதும். ஆனால் உலை மீண்டும் அந்தச் சூட்டை எட்டி, அலகும் உலையின் நிறத்துக்கு வந்த பிறகே நேரத்தை எண்ண வேண்டும்.

அலகை மூடாமல் உலையில் வைத்தால் மேற்பரப்பிலிருந்து கார்பன் எரிந்து போய்விடும். ஸ்டெயின்லெஸ் ஃபாயிலில் சுற்றி, ஓரங்களை இரண்டு முறை மடித்து அழுத்துங்கள். ஃபாயில் ஓரம் கையைக் கிழிக்கும், கையுறை வேண்டும்.

குளிர்விப்பதில்தான் அவசரமும் அலட்சியமும் சேர்ந்து வருகின்றன. தண்ணீரில் போட்டால் வளையும், வெடிக்கும். மெல்ல ஆறவிட்டால் கரைந்த குரோமியம் ஸ்டீலின் நுண்ணிய படிக மணிகளின் எல்லைகளில் மீண்டும் கார்பைடாகப் படியும்; கத்தி நொறுங்கும் தன்மை பெறும், துருவும் பிடிக்கும். ஃபாயிலோடு எடுத்து, சுமார் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உடனே இறுக்குவதே நல்ல வழி. அலகும் நேராக நிற்கும். விளிம்பை நோக்கி மெலியும் சரிவைக் குளிர்விப்பதற்கு முன்பே ராவியிருந்தால் தகடு அந்த இடத்தைத் தொடாது. ஆகவே மெல்லிய அலகில் சரிவு முழுவதையும் பிறகு ராவுவது நல்லது.

அடுத்தது, மிஞ்சிய ஆஸ்டினைட்டைக் கடின நிலைக்கு மாற்றும் உறைகுளிர். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 போதாது. உலர்பனியும் (திடக் கார்பன் டை ஆக்சைடு) ஆல்கஹாலும் கலந்தால் மைனஸ் 78 வரை இறங்கும். அலகு அறை வெப்பத்துக்கு வந்ததும் அதில் போட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மிஞ்சிய ஆஸ்டினைட் நிலைத்துவிடும், பிறகு குளிர்வித்தும் பலன் குறைவு. காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்புக்கு அருகில் இல்லாமல் செய்யுங்கள்.

பிறகு டெம்பரிங், அதாவது நொறுங்கும் தன்மையைக் குறைக்க அலகை மிதமாகச் சூடாக்குவது: 150 முதல் 200 டிகிரிக்குள், இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 60 முதல் 63 கிடைக்கும். சில ஸ்டீல்களின் அட்டவணையில் 500 டிகிரி அருகேயும் நல்ல கடினம் காட்டியிருப்பார்கள். சமையல் கத்திக்கு அதை நம்ப வேண்டாம்: அங்கே நுண்ணிய குரோமியம் கார்பைடு பிரிந்து, துரு எதிர்ப்பைத் தின்றுவிடும்.

சாணைபிடிப்பதில் ஒரு நுட்பம். சூட்டால் மேற்பரப்பில் படரும் வைக்கோல் நிறம் கார்பன் ஸ்டீலைவிட ஸ்டெயின்லெஸில் தாமதமாகவே தோன்றும். நிறம் தெரியும்போது விளிம்பு டெம்பரிங் சூட்டை எப்போதோ தாண்டியிருக்கும். புதிய பெல்ட் போட்டு, வெறுங்கையால் பிடித்து, சூடு உறைத்ததும் தண்ணீரில் நனைத்தெடுங்கள். நிறம் மாறிய விளிம்பைப் பாலிஷ் போட்டு மறைக்காதீர்கள். இளகிய பகுதி தீரும்வரை ராவி எடுங்கள்.