முதல் குளிர்காலத்துக்குள் ஒரு கட்டில்: டொராண்டோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டொராண்டோவில் இறங்கியதும் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய அரசு எண்), வங்கிக் கணக்கு, பஸ், ரயிலுக்கான பிரஸ்டோ அட்டை, நல்ல குளிர் ஜாக்கெட். படுப்பதைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டார்கள். "ஒரு மெத்தை வாங்கித் தரையில போட்டுக்கோங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதுதான் எனக்குக் கிடைத்த யோசனை. ஊரில் கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவனுக்குத் தரை ஒன்றும் புதிதில்லையே என்று நானும் அப்படியே செய்தேன்.

நான் வந்தது அக்டோபரில், டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் அறைக்கு, அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்துக்கு. பிப்ரவரியில் ஒரு நாள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுக்கக் கரும்புள்ளி, பூஞ்சை. இரண்டு மாதமாக விடாமல் இருமிக்கொண்டிருந்தேன், மெத்தையைத் தூக்கிப் போட்டபிறகு அந்த இருமல் குறைந்தது. தூங்கும்போது உடம்பிலிருந்து வரும் ஈரம் மெத்தை வழியாகக் கீழே இறங்கும், கீழே கான்கிரீட் தரை சில்லென்று இருக்கும், ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல் அந்த ஈரம் அங்கே தண்ணீராகித் தங்கிவிடும். ஊரில் தரை சூடு, சன்னல் திறந்திருக்கும், பாயைக் காலையில் சுருட்டி வைத்துவிடுவோம், இலவம்பஞ்சு மெத்தை என்றால் மொட்டைமாடியில் வெயிலில் போடுவோம். இங்கே நவம்பரில் மூடிய சன்னலை மார்ச் கடைசியில்தான் திறப்போம். அதனால் கையில் காசு குறைவாக இருந்தாலும் முதல் குளிர்காலம் வருவதற்குள் தரைக்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று போக ஒரு வழி செய்துவிடுங்கள். சோபா, டிவி எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போனால் முதலில் குழப்புவது பாக்ஸ் ஸ்பிரிங். பழைய முறை அமெரிக்க, கனடியக் கட்டில்களில் வெறும் இரும்புச் சட்டம்தான் இருக்கும், அதன்மேல் துணி சுற்றிய ஒரு பெரிய பெட்டி, அதற்கும் மேலே மெத்தை. அந்தப் பெட்டிதான் பாக்ஸ் ஸ்பிரிங். பிளாட்ஃபார்ம் கட்டில் என்றால் அந்தப் பெட்டி இல்லாமல் பலகைமேல் நேராக மெத்தையைப் போடுவது. பாட்டி வீட்டுத் தேக்குக் கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், அமைப்பு அதேதான். பிளாட்ஃபார்ம் கட்டில் வாங்கும்போது "இதுக்கு பாக்ஸ் ஸ்பிரிங்கும் வேணும்" என்று விற்பவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: குவீன் அளவு பாக்ஸ் ஸ்பிரிங் வளையாது, இங்கத்திய பேஸ்மென்ட் படிக்கட்டுத் திருப்பங்களில் பெரும்பாலும் இறங்காது. நுரை மெத்தை சுருட்டிய நிலையில் அட்டைப்பெட்டியில் வரும், பிளாட்ஃபார்ம் கட்டில் துண்டு துண்டாக வரும், இரண்டும் எந்தப் படியிலும் இறங்கும்.

அளவு. இங்கே ட்வின் 38க்கு 75 அங்குலம், டபுள் 54க்கு 75, குவீன் 60க்கு 80, கிங் 76க்கு 80. ஆறடியைத் தொடும் உயரம் உள்ளவர்கள் டபுள் வாங்கினால் கால் வெளியே நீட்டும். ஊரிலிருந்து எலாஸ்டிக் வைத்த விரிப்புகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டு வராதீர்கள், அங்கே கிங் என்று விற்பது பெரும்பாலும் 72க்கு 78, இங்கத்திய கிங் மெத்தைக்கு எட்டவே எட்டாது. சாதாரண விரிப்பு என்றால் பரவாயில்லை, மடித்துச் சொருகிக்கொள்ளலாம். ஒருவர் தனியாக வந்திருந்தாலும் அறையில் இடம் இருந்தால் குவீன் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் குடும்பம் வந்து சேரும்போது டபுளை விற்றுவிட்டு மறுபடி வாங்குவது இரட்டைச் செலவு. விலைச் சீட்டில் இருப்பதோடு 13 சதவீத வரி தனியாகச் சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கும்போது நான் பார்ப்பது மூன்றே விஷயம்தான், அதில் முக்கியமானது கழற்றி மாட்ட முடியுமா என்பது. வந்த முதல் சில வருடங்களில் எப்படியும் இரண்டு மூன்று வீடு மாறுவீர்கள். வேலை ஒரு பக்கம், பிள்ளைகளின் பள்ளி ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம் இழுக்கும். மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்த பலகையில் வரும் கட்டில் கடையில் பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் ஒருமுறை கழற்றி மறுபடி பூட்டினாலே ஸ்க்ரூ போகும் துளை உதிர்ந்து பெரிதாகிவிடும். என்னுடைய முதல் கட்டில் அப்படித்தான் இரண்டாவது வீட்டில் ஒரு மாதம் நின்றது, மூன்றாவது வீட்டுக்கு வரவே இல்லை. பைன் போன்ற முழு மரத்தில் செய்தது கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் நாலு முறை கழற்றினாலும் தாங்கும். ஐகியாவில் டார்வா என்று வண்ணம் பூசாத பைன் கட்டில் ஒன்று இருக்கிறது, நம்மில் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். எந்தக் கடையானாலும் மெத்தையைத் தாங்கும் குறுக்குப் பலகைகளும் அவற்றை நடுவில் தாங்கும் நடு உத்தரமும் விலையில் சேர்ந்ததா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள், சில நேரம் தனியாக விற்பார்கள்.

அடுத்தது குறுக்குப் பலகைகளின் இடைவெளி. நுரை மெத்தைக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் இருந்தால் மெத்தை இடையில் பிதுங்கி இறங்கும், பல மெத்தை நிறுவனங்கள் அதைக் காரணம் காட்டி உத்தரவாதத்தையும் மறுத்துவிடும். மூன்றாவது, குவீன், கிங் என்றால் கட்டிலின் நடுவில் தரையைத் தொடும் கால் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாத கட்டில் ஒரு வருடத்தில் நடுவில் குழிந்து, இரண்டு பேரும் நடுவில் உருண்டு வந்து முதுகு வலியோடு எழுந்திருப்பீர்கள்.

காசு இன்னும் இறுக்கம் என்றால் மடக்கும் இரும்புக் கட்டில் வாங்குங்கள், தயங்க வேண்டாம். பெரும்பாலும் 14 அங்குல உயரத்தில் வரும், ஒரு ஸ்க்ரூகூட முடுக்காமல் விரித்து நிறுத்திவிடலாம், கொண்டுவந்த பெரிய சூட்கேஸ்கள் அடியில் போய்விடும். திரும்பிப் படுத்தால் கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்.

பழைய பொருள் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மாதக் கடைசியில் தெருவோரம் நல்ல கட்டில், மெத்தை எல்லாம் கிடக்கும், இலவசம். எடுக்காதீர்கள். டொராண்டோவில் மூட்டைப்பூச்சித் தொல்லை உண்மையானது, அது மரக் கட்டிலின் மூட்டுகளிலும் ஸ்க்ரூத் துளைகளிலும் முட்டையிட்டு ஒளிந்துகொள்ளும், வீட்டுக்குள் வந்துவிட்டால் துணி, சூட்கேஸ், சோபா என்று எல்லாவற்றையும் பிடிக்கும். மெத்தையை எப்போதும் புதிதாகவே வாங்குங்கள். கட்டில் பழையது வாங்கலாம், ஆனால் ஆன்லைனில் பார்த்து விற்பவர் வீட்டுக்கே போய், டார்ச் அடித்து, மூட்டுகளில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே நீங்கள் போன அறையில் பூச்சி இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், ஒன்டாரியோவில் அதைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. உடனே எழுத்தில் தெரிவியுங்கள், அசையவில்லை என்றால் நகராட்சியின் உதவி எண்ணான 311-க்கு அழையுங்கள்.

அம்மா அப்பா வரப்போகிறார்கள் என்றால் உயரத்தையும் சேர்த்து யோசியுங்கள். பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் தரும் சூப்பர் விசாவில் இப்போது ஒருமுறை வந்தால் ஐந்து வருடம் வரை இருக்கலாம், அது விருந்தாளியாக வந்துபோகிற காலம் இல்லை. இன்றைய மோஸ்தரில் வரும் பிளாட்ஃபார்ம் கட்டில்கள் பல மிகவும் தாழ்வு, தரையிலிருந்து எட்டு, ஒன்பது அங்குலம்தான். முட்டி வலி உள்ளவர்கள் அதிலிருந்து எழுந்திருக்க ஆள் வேண்டும். மெத்தையோடு சேர்த்து 20, 21 அங்குலம் இருந்தால் சராசரி உயரம் உள்ளவர்கள் உட்காரும்போது பாதம் தரையில் படும், முட்டிக்கும் சிரமம் இருக்காது. உங்கள் அம்மா குள்ளம் என்றால் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியின் உயரத்தைப் போனில் கேட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நாமே செய்யலாமா? செய்யலாம், ஒரு சனிக்கிழமை போதும், தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஹோம் டிப்போ, ரோனா போன்ற கடைகளில் பலகையை அளவு சொன்னால் அங்கேயே அறுத்துத் தருவார்கள், போகும் முன் அன்றைக்கு அறுக்கும் இயந்திரம் ஓடுகிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அறுத்து வாங்கினால்தான் காரிலும் ஏறும்.

மரக்கடைக் கணக்கு ஒன்று முதலில் புரிய வேண்டும்: இரண்டுக்கு நாலு என்று விற்கும் சட்டத்தின் உண்மை அளவு ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். இரண்டுக்கு ஆறு என்றால் ஒன்றரைக்கு ஐந்தரை. நாலுக்கு நாலு, மூன்றரைக்கு மூன்றரை. ஒன்றுக்கு நாலு என்பது முக்கால் அங்குல கனம், மூன்றரை அகலம். இது தெரியாமல் அளவு போட்டால் எல்லாம் தப்பும்.

குவீன் கட்டிலுக்கு இரண்டுக்கு ஆறில் எட்டடிச் சட்டம் இரண்டு, பத்தடிச் சட்டம் ஒன்று வாங்குங்கள். எட்டடி இரண்டையும் 80 அங்குலமாக வெட்டினால் பக்கச் சட்டங்கள், பத்தடியில் 57 அங்குலமாக இரண்டு வெட்டினால் தலைமாடும் கால்மாடும். அந்த 57 அங்குலச் சட்டங்கள் பக்கச் சட்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் மொத்த அகலம் சரியாக 60 வரும். நாலுக்கு நாலு எட்டடிக் கட்டை ஒன்றில் 10 அங்குலக் கால்கள் நான்கு, நடுக் காலுக்கு ஆறரை அங்குலத் துண்டு ஒன்று. நடு உத்தரத்துக்கு இரண்டுக்கு நாலு சட்டம் இரண்டு, 77 அங்குலமாக வெட்டி, உயரவாக்கில் நிறுத்தி ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கிவிடுங்கள். குறுக்குப் பலகைக்கு ஒன்றுக்கு நாலு எட்டடிப் பலகை பத்து, ஒவ்வொன்றையும் 30 அங்குலமாக மூன்று துண்டு போடச் சொல்லுங்கள். 60 அங்குல நீளத்தில் வெட்டினால் ஒரு பலகைக்கு ஒன்றுதான் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். நடு உத்தரம் இருப்பதால் இரண்டு பாதிகள் அதன்மேல் வந்து சந்திக்கலாம். பதினாலு வரிசை போட்டால் இடைவெளி இரண்டரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

ஒவ்வொரு கட்டில் காலையும் உள்மூலையில் வைத்து, சட்டத்தையும் காலையும் சேர்த்துத் துளைத்து, ஆறு அங்குல போல்ட்டால் இறுக்குங்கள், ஒரு முகத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் 16. ஒரு காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் போல்ட் வருவதால் துளைகளை ஒரே உயரத்தில் போட்டால் உள்ளே இடித்துக்கொள்ளும், மேலும் கீழுமாக மாற்றிப் போடுங்கள். ஸ்க்ரூ போட்டே முடித்துவிடலாமே என்று தோன்றும். போல்ட் என்றால் வீடு மாறும்போது ஒரு ஸ்பேனரை வைத்து அரைமணி நேரத்தில் கழற்றிவிடலாம், அதற்காகத்தான். நடு உத்தரம் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் உள்பக்கம் முடுக்கிய சின்னக் கட்டைமேல் உட்காரட்டும், அதன் மேல்விளிம்பும் சட்டத்தின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குறுக்குப் பலகைக்கு மட்டும் ஸ்க்ரூ. முனையில் நேராக முடுக்கினால் பலகை பிளக்கும், சிறிய துளை போட்டுவிட்டு முடுக்குங்கள். பத்து அங்குல மெத்தை போட்டால் மொத்த உயரம் ஏறக்குறைய 21 அங்குலம்.

இங்கே ஸ்க்ரூத் தலையில் சதுரக் குழி இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். அது ராபர்ட்சன் ஸ்க்ரூ, கனடாக்காரர் ஒருவர் 1909-இல் காப்புரிமை பெற்றது, அவருடைய தொழிற்சாலை இங்கே பக்கத்தில் மில்ட்டனில்தான் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூடிரைவர் உதவாது, சிவப்புக் கைப்பிடி ராபர்ட்சன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வழுக்காமல் பிடிக்கும், ஒருமுறை பழகிவிட்டால் வேறு எதையும் தொட மனம் வராது.

பலகையை நீங்களே பொறுக்கி எடுங்கள். ஒரு முனையைக் கண்ணருகில் வைத்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். குறுக்குப் பலகையில் பெரிய கணு இருந்தால் விட்டுவிடுங்கள், அந்த இடத்தில்தான் முறியும். பச்சை நிறம் தட்டிய மரம் மலிவாகக் கிடந்தாலும் வேண்டாம், அது வெளித் திண்ணைக்காக மருந்தேற்றியது, படுக்கையறைக்கு ஆகாது. உப்புத்தாள் தேய்ப்பதையும் வார்னிஷையும் கோடையில் வெளியே வைத்து முடியுங்கள், சன்னல் சின்னதாக உள்ள பேஸ்மென்டில் அந்த வாசனை வாரக்கணக்கில் போகாது. குளிர்காலத்தில் செய்கிறீர்கள் என்றால் வார்னிஷே இல்லாமல் விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

போடும் இடம். வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நாலு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள், அந்தச் சுவரிலும் ஈரம் கோக்கும். சுவரடி ஹீட்டர் இருந்தால் விரிப்போ போர்வையோ அதைத் தொடவே கூடாது. சன்னலைத் தலைமாட்டுப் பலகையால் மறைக்காதீர்கள், வெளியே போகத் தனிக் கதவில்லாத பேஸ்மென்ட் படுக்கையறைக்குத் தீப்பிடித்தால் அந்தச் சன்னல்தான் வழி. அந்தத் திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 38 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அறை பார்க்கப் போகும்போதே ஒரு அளவுநாடா கையில் இருக்கட்டும்.

முதல் ஜனவரியில் கட்டில் திடீரென்று கிறீச்சிடத் தொடங்கினால் பயப்பட வேண்டாம். ஹீட்டர் ஓடி ஓடி அறைக் காற்று வறண்டு மரம் கொஞ்சம் சுருங்கியிருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும். மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு 16 போல்ட்டையும் ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்குங்கள், அப்படியே மெத்தையின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.