டிராகனுக்கு ‘போயிட்டு வரேன்’: அழாமல் வீடு திரும்ப

சிங்கப்பூரில் தோ பாயோ லோரோங் 6 சாலையில் 1979-இல் கட்டிய, டிராகன் வடிவச் சறுக்குமரம் உள்ள விளையாட்டுத் திடல் இருக்கிறதே, இன்னும் அங்கே தரையில் மணல்தான். என் இரண்டரை வயது மகனை அதிலிருந்து கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வரும். இப்போது பெரும்பாலும் அழாமல் வருகிறான். நான் செய்வது இதுதான்.

1. கிளம்புவதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். செருப்பு மாட்டும்போதே, “டிராகன்ல சறுக்குறோம், அப்புறம் பஸ்ஸில பாட்டி வீட்டுக்குப் போறோம்.” அவ்வளவு போதும்.

2. நிமிடக் கணக்கு வேண்டாம். இந்த வயதில் “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்பது வெறும் சத்தம். “இன்னும் மூணு சறுக்கு” என்றால் புரியும். பெஞ்சில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தபடி கூவாமல், பக்கத்தில் போய்க் குனிந்து சொல்லுங்கள். ஒவ்வொரு சறுக்குக்கும் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். என் மகன் கடைசி விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான். சிரித்துக்கொண்டே நான் மடக்கிவிடுவேன். நாலாவதுக்கு இடம் கொடுத்தால், அடுத்த வாரம் நாற்பது கேட்பான்.

3. “போகலாமா?” என்று கேட்காதீர்கள். கேட்டால் “வேணாம்”தான் வரும். “கிளம்புறோம். தண்ணி பாட்டிலை நீ தூக்குறியா, தொப்பியைத் தூக்குறியா?” என்று கேளுங்கள்.

4. விடைபெற வையுங்கள். நம் வீடுகளில் யாரும் “போறேன்” என்று சொல்லிக் கிளம்புவதில்லை. டிராகனுக்கும் அதே மரியாதைதான். அதன் ஆரஞ்சுத் தலையைத் தட்டி “போயிட்டு வரேன்” என்பான். பிறகு செருப்பைக் கழற்றி, மணலைக் கொட்டி, உள்ளங்காலை நானே துடைத்துவிடுவேன். மணல் போனதும் விளையாட்டு முடிந்தது என்று அவனுக்கே தெரிகிறது.

5. அப்படியும் அழுதால்? “இன்னும் விளையாடணும் போல இருக்கு, இல்ல?” என்று சொல்லி, தூக்கிக்கொண்டு நடங்கள். “நீ இங்கேயே இரு, நான் போறேன்”, “போலீஸ் பிடிச்சுக்கும்” இதெல்லாம் வேண்டாம். அந்த நேரத்துக்கு வேலை செய்யும், அப்புறம் போலீஸ்காரரைக் கண்டாலே பயப்படுவான். பாதி அழுகை பசியும் தூக்கமும்தான். பையில் ஒரு வாழைப்பழம் இருக்கட்டும், தூக்க நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

ஒரு சிக்கல் உண்டு. போன வாரம் வழியில் படுத்திருந்த இரண்டு பூனைகள், ஒரு தபால்பெட்டி, மின்தூக்கிக் கதவு என்று எல்லாவற்றுக்கும் “போயிட்டு வரேன்” சொன்னான். பஸ் போய்விட்டது.