கம்பெனி பதிவுக்கு டிஎஸ்சி வாங்கப் போகிறீர்களா? முதலில் பான் கார்டை எடுங்கள்

கம்பெனி தொடங்க வருகிறவர்கள், கம்பெனிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற யோசனையோடுதான் வந்து உட்காருவார்கள். நான் முதலில் கேட்பது அவர்களுடைய சொந்தப் பெயரை. பான் கார்டில் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள் என்பேன். கோவையில் ஒரு கம்பெனி செக்ரட்டரி அலுவலகத்தில் டிஎஸ்சி, அதாவது டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையை நான்தான் பார்க்கிறேன். பம்ப் உதிரிபாகம் செய்கிறவர், தேங்காய் நார் ஏற்றுமதி செய்கிறவர், கல்லூரி முடித்த கையோடு ஆப் செய்ய வந்த பையன்கள், யார் வந்தாலும் சிக்கிக்கொள்கிற இடம் ஒன்றுதான். இனிஷியல்.

அதற்கு முன், டிஎஸ்சி எதற்கு என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி பதிவு இப்போது பெருநிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் எம்சிஏ போர்ட்டலில்தான் நடக்கிறது. 2020 பிப்ரவரியில் வந்த ஸ்பைஸ் பிளஸ் விண்ணப்பத்திலேயே பெயர் ஒதுக்கீடு, பதிவு, இயக்குநர்களுக்கான டின் எண், கம்பெனியின் பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண் எல்லாம் முடிந்துவிடும். நாம் கோவையிலிருந்து அனுப்பினாலும் அதைப் படித்துப் பார்த்து அனுமதிப்பது ஹரியானா மானேசரில் இருக்கும் மத்தியப் பதிவு மையம். அந்தப் படிவங்களில் பேனாக் கையெழுத்து செல்லாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்றுக்கொண்ட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துக்கான சாவி ஒரு சின்ன யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கும். இன்னார் இவர்தான் என்று உறுதி சொல்லும் சான்றிதழும் அதற்குள்ளேயே இருக்கும்.

யார் யாருக்கு வேண்டும்? பிரைவேட் லிமிடெட் என்றால் குறைந்தது இரண்டு இயக்குநர்கள், இரண்டு பங்குதாரர்கள். அந்த இரண்டு பேரே இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். அப்படியானால் இரண்டு டிஎஸ்சி போதும். படிவத்தைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கும் சிஎஸ் (கம்பெனி செக்ரட்டரி), சிஏ, காஸ்ட் அக்கவுன்டன்ட் அல்லது வழக்கறிஞர் தன்னுடையதை வைத்திருப்பார். அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் கணக்குக்காக அம்மாவையோ மனைவியையோ இயக்குநராகப் போடுகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. போடலாம், தப்பில்லை. ஆனால் அவர்களுக்கும் தனி மொபைல் எண், தனி மின்னஞ்சல், வீடியோ சரிபார்ப்பு எல்லாம் உண்டு. பட்டன் போன் மட்டும் வைத்திருக்கிற அம்மாவை வைத்து வீடியோ எடுக்க ஒரு மதியம் முழுக்கப் போகும். உண்மையிலேயே நீங்கள் ஒரே ஆள்தான் என்றால், ஒருநபர் கம்பெனி என்ற ஓபிசி வகையை முதலில் யோசித்துப் பாருங்கள்.

சரி, இனிஷியலுக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் ஒருவர் பெயர் எஸ். முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'முருகன் எஸ்' என்று இருக்கும், அல்லது வெறும் 'முருகன்'. பான் விண்ணப்பத்தில் இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரித்து எழுத வேண்டும். அதனால் அங்கே 'சுப்பிரமணியன் முருகன்' என்றோ 'முருகன் சுப்பிரமணியன்' என்றோ பதிவாகியிருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். ஆதார் வழியாக டிஎஸ்சி விண்ணப்பித்தால், ஆதாரிலிருந்து வரும் பெயரையும் வருமான வரித் துறையின் பான் தரவில் உள்ள பெயரையும் ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகவில்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

பெண்களுக்கு இதிலும் ஒரு சுற்று கூடுதல். கல்யாணத்துக்கு முன் எடுத்த பானில் அப்பா பெயர், கல்யாணத்துக்குப் பின் மாற்றிய ஆதாரில் கணவர் பெயரின் இனிஷியல். எம்சிஏ படிவமோ கல்யாணம் ஆனவர்களிடமும் அப்பா பெயரைத்தான் கேட்கும். ஆதாரில் கணவர் பெயர் இருக்கிறதே என்று அதை அங்கே நிரப்பினால் திரும்பி வரும்.

இப்படி முரண்டு பிடித்தால் இரண்டு வழி. சீக்கிரமான வழி, ஆதாரை விட்டுவிட்டு பான் அடிப்படையிலான சரிபார்ப்பில் விண்ணப்பிப்பது. பானில் உள்ள பெயரே சான்றிதழில் ஏறும். எம்சிஏ போர்ட்டல் ஆளை அடையாளம் காண்பதும் பான் எண்ணை வைத்துத்தான், அதனால் இந்த வேலைக்கு அது போதும். பானிலேயே தப்பு இருந்தால், எழுத்துப் பிழையோ பிறந்த தேதிப் பிழையோ, குறுக்கு வழி கிடையாது. பான் வேலைகளைப் பார்க்கும் புரோட்டியன் அல்லது யுடிஐஐடிஎஸ்எல் நிறுவனத்தின் தளத்தில் திருத்த விண்ணப்பம் போட்டு, புது விவரம் ஏறியபின் வாருங்கள். கார்டு வீட்டுக்கு வருகிற மாதிரி கேட்டால் 107 ரூபாய். இப்போதைக்கு டிஎஸ்சியை வாங்கிவிட்டு அப்புறம் பானைத் திருத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கம்பெனியின் ஆவணங்களில் பழைய பெயர் ஏறிவிட்டால், பிறகு அதை மாற்றுவது தனிப் படிவம், தனி வேலை.

கூடவே இன்னும் மூன்று விஷயம் பார்த்துவிடுங்கள். பானும் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்கிறதா? 2023 ஜூலை 1 முதல், இணைக்காதவர்களின் பான் செயலிழந்த பான் என்ற கணக்கில் போய்விட்டது. ஆதாரில் பிறந்த தேதி முழுதாக இருக்கிறதா? ஆரம்ப காலத்தில் எடுத்த சில ஆதார்களில் பிறந்த வருடம் மட்டும்தான் இருக்கும். ஆதாரோடு இணைத்த மொபைல் எண் இப்போது உங்கள் கையில் இருக்கிறதா? அந்த எண் எப்போதோ கைமாறிப் போயிருந்தால் ஓடிபி வராது. ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். நானே செய்து தருகிறேன் என்று போனில் சொல்லும் முன்பின் தெரியாதவர்களிடம் விரலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

எங்கே வாங்குவது?

டிஎஸ்சியை எம்சிஏ தருவதில்லை. சான்றளிப்பு ஆணையங்களின் கட்டுப்பாட்டாளர், அதாவது சிசிஏ, உரிமம் கொடுத்த நிறுவனங்கள் தருகின்றன. இமுத்ரா, கேப்ரிகார்ன், என்கோட், வெராசிஸ் என்று பல இருக்கின்றன. முழுப் பட்டியல் சிசிஏ இணையதளத்தில் உண்டு. அவர்களிடம் நேராகவும் வாங்கலாம், எங்களைப் போன்ற அலுவலகம் வழியாகவும் வாங்கலாம். எம்சிஏ வேலைக்கு எந்த நிறுவனத்துடையது என்பதில் வித்தியாசம் இல்லை.

விண்ணப்பத்தில் நான்கு இடத்தில் டிக் அடிக்க வேண்டியிருக்கும். வகுப்பு 3 என்பதைப் போடுங்கள். வகுப்பு 2 கொடுப்பதை 2021 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். இன்னும் அந்தப் பெயரில் யாராவது விலை சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம். அடுத்து தனிநபரா, நிறுவனமா என்று கேட்கும். தனிநபர்தான். இன்னும் பிறக்காத கம்பெனியின் பெயரில் நிறுவன டிஎஸ்சி எப்படித் தருவார்கள்? மூன்றாவது, கையெழுத்து மட்டுமா, என்கிரிப்ஷனும் (கோப்பை அடுத்தவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) சேர்த்தா. கம்பெனி பதிவுக்குக் கையெழுத்து மட்டும் போதும். அரசு டெண்டர் எடுக்கும் எண்ணம் இருந்தால்தான் மற்றது. கடைசியாக எத்தனை வருடம். இரண்டு அல்லது மூன்று வருடமாக வாங்குங்கள் என்பேன். பதிவோடு வேலை முடிவதில்லை. பதிவான 180 நாளுக்குள் தொழில் தொடங்கியதற்கான ஐஎன்சி-20ஏ, அப்புறம் வருடாவருடம் கணக்குப் படிவங்கள், கம்பெனியின் வருமான வரி ரிட்டர்ன் எல்லாவற்றுக்கும் இதே டோக்கன் வேண்டும்.

விலையை அரசு நிர்ணயிப்பதில்லை. எங்கள் பக்கம் இரண்டு வருடச் சான்றிதழும் டோக்கனும் சேர்ந்து பொதுவாக 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் முடியும். டோக்கன் தனியா, சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த விலையை விளம்பரத்தில் போட்டுவிட்டு டோக்கனுக்குத் தனியாக வாங்குவது பழைய வியாபாரம்.

பணம் கட்டியதும் விண்ணப்ப லிங்க் வரும். மொபைலுக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று ஓடிபி வரும். பிறகு வீடியோ. இதில்தான் பலருடையது நிராகரிக்கப்படுகிறது, காரணங்களோ சின்னச் சின்னதாக இருக்கும். ஜெராக்ஸையும் போன் திரையில் தெரியும் பானையும் காட்டாமல் ஒரிஜினல் கார்டைக் காட்டுங்கள். லேமினேஷன் போட்டிருந்தால் ஜன்னல் வெளிச்சம் அதில் பளபளக்கும், எழுத்து தெரியாது. கார்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். முகத்தில் வெளிச்சம் விழட்டும், முதுகில் வேண்டாம். திரையில் வரும் எண்ணைச் சொல்லச் சொன்னால் நீங்களே சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நின்று மகன் எடுத்துக்கொடுத்தால் அந்தக் குரலும் பதிவாகும், நிராகரிப்பார்கள்.

அனுமதி வந்ததும் சான்றிதழை டோக்கனில் இறக்க வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் தலைவலி குறைவு. டோக்கனின் டிரைவரை முதலில் நிறுவிவிட்டு, டோக்கனைச் செருகி, தளம் சொல்கிற வரிசையில் போங்கள். இறங்கும்போது டோக்கனுக்குள்ளேயே சாவி உருவாகும். அதை வெளியே நகலெடுக்க முடியாது. அதனால் நடுவில் டோக்கனைப் பிடுங்காதீர்கள். முடிந்ததும் இரண்டு வேலை. டோக்கன் மென்பொருளைத் திறந்து உங்கள் பெயரும் காலாவதித் தேதியும் சரியா என்று பாருங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். பல டோக்கன்கள் 12345678 போன்ற ஒன்றோடுதான் வருகின்றன, ஊருக்கே தெரிந்த கடவுச்சொல். மாற்றியதை மறக்கவும் கூடாது. சில முறை தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். டோக்கனை அழித்துத்தான் திறக்க வேண்டும் என்றால் சான்றிதழும் போய்விடும், புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான்.

டிஎஸ்சி எல்லோர் கைக்கும் வந்த பிறகே ஸ்பைஸ் பிளஸ் பகுதி ஏ-வில் கம்பெனிப் பெயருக்கு 1,000 ரூபாய் கட்டுங்கள். பகுதி ஏ-வுக்கு டிஎஸ்சி தேவையில்லை என்பதால் பலர் அதை முதலில் முடித்துவிடுகிறார்கள். பெயர் கிடைத்தால், கூடுதல் கட்டணம் கட்டி நீட்டிக்காதவரை 20 நாள்தான் உங்களுக்காக இருக்கும். அதற்குள் ஒரு பங்குதாரரின் பான் திருத்தம் முடியாமல் பெயரும் பணமும் போனவர்களை எனக்குத் தெரியும்.

கையெழுத்துப் போடுவது எளிது. போர்ட்டலில் நிரப்பிய படிவத்தை பிடிஎஃப்பாக இறக்கி, அடோபி ரீடரில் திறந்து, உங்கள் பெயருக்கான கட்டத்தைச் சொடுக்கி, சான்றிதழைத் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒரு டோக்கனை மட்டும் செருகுங்கள். இரண்டு செருகியிருந்தால் தம்பி கட்டத்தில் அண்ணன் கையெழுத்து விழுவது வெகு சகஜம். கம்பெனியின் நோக்கத்தைச் சொல்லும் மெமோராண்டம், விதிகளைச் சொல்லும் ஆர்ட்டிகிள்ஸ் இரண்டிலும் பங்குதாரர்கள் எல்லோரும் போட வேண்டும். ஐஎன்சி-9 உறுதிமொழியில் பங்குதாரர்களும் இயக்குநர்களும். ஏற்கெனவே டின் எண் வைத்திருக்கிறவர், போர்ட்டலில் தன் டிஎஸ்சியை இணைத்திருக்கிறாரா என்று முன்பே பார்த்துக்கொள்ளட்டும்.

டோக்கனை யார் வைத்திருப்பது?

நீங்கள்தான். என் அலுவலகத்தில் இதைச் சொன்னால் வாடிக்கையாளர்களே சிரிக்கிறார்கள், "நீங்களே வச்சுக்கங்க, எனக்கு எதுக்கு" என்று. நகரத்தில் எந்த ஆடிட்டர் ஆபீசிலும் ஓர் அலமாரி டப்பா நிறைய டோக்கன் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் பெயரும் கடவுச்சொல்லும் எழுதி ஒட்டியிருக்கும். கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை அந்த டப்பாவில் போட்டுவைப்பீர்களா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை டிஎஸ்சி வாங்கியவர் மேல்தான் போடுகிறது. அடுத்தவர் டிஜிட்டல் கையெழுத்தை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு என்பது உண்மை. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது ஒரு படிவமோ ராஜினாமாவோ போனபின், அதை நான் போடவில்லை என்று நிரூபிக்க அலைவது நீங்கள்தான். படிவம் தயாரானதும் அலுவலகத்துக்கு வந்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு டோக்கனைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். தொலைந்துபோனால் கொடுத்த நிறுவனத்திடம் சொல்லி உடனே ரத்து செய்யுங்கள்.

காலாவதித் தேதியைப் போனில் நினைவூட்டலாக வையுங்கள், ஒரு மாதம் முன்பே அடிக்கிற மாதிரி. புதுப்பித்தல் என்று சொன்னாலும் கிடைப்பது புதிய சான்றிதழ்தான், அதை எம்சிஏ போர்ட்டலிலும் வருமான வரித் தளத்திலும் திரும்ப இணைக்க வேண்டும். கணக்குப் படிவங்கள் குவியும் அக்டோபர் மாதத்தில் காலாவதியானால் எங்களிடம் வராதீர்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் எல்லோரும் அப்போதுதான் வருகிறார்கள்.