எலியில டெஸ்ட் பண்ண முதல்: மூலிகை ரிசேர்ச் செய்யிற பிள்ளையளுக்கு

திருகோணமலை கோணேசபுரி கம்பஸ்ல சித்த மருத்துவம் படிக்கிற தங்கச்சி தம்பிமார் ரிசேர்ச் எண்டு வந்தவுடன கேக்கிற முதல் கேள்வி "அக்கா, எலி எங்க எடுக்கலாம்?" எண்டதுதான். எடுக்கிறது பெரிய விசயம் இல்லை, கொழும்பில மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில விஸ்டார் எண்ட ஆய்வுகூட எலி வளர்க்கினம், சூப்பர்வைசர் மூலமாக் கேட்டு எடுக்கலாம். ஆனா அதுக்கு முதல் யோசிக்க வேண்டியது கனக்க இருக்கு. எலி கூட்டுக்குள்ள வாறதுக்கு முதலே, நீங்கள் ப்ரபோசல் எழுதுற மேசையிலயே அதின்ட தலைவிதி முக்கால்வாசி முடிவாகிடுது.

முதல்ல உங்கட கேள்விக்கு ஆரும் ஏற்கனவே விடை கண்டுட்டினமோ எண்டு பாருங்கோ. சிறுகுறிஞ்சான், ஆவாரை, பாகல், நாவல் விதை, வெந்தயம் எல்லாம் எலிக்குக் குடுத்து ரத்தத்தில சீனி குறையுதா எண்டு உலகம் முழுக்க திரும்பத் திரும்பப் பாத்து முடிஞ்சுது. ஆய்வுக் கட்டுரை தேடுற பப்மெட், கூகுள் ஸ்கொலர் ரெண்டு தளத்திலயும் தாவரவியல் பேரைப் போட்டு ஒரு கிழமை இருந்து தேடுங்கோ, தமிழ்ப் பேரைப் போட்டா ஒண்டும் வராது. அதே விடையைச் சொல்ல இன்னொருக்கா இருபத்தஞ்சு எலி சாகிறது, கூட்டை எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாலும் அநியாயம்தான். எலிக்கு நொந்ததை நியாயப்படுத்தக்கூடிய ஒரே விசயம் அதால புதுசா ஒண்டை அறியிறது மட்டும்தான், அதுவும் இல்லையெண்டா என்னத்துக்கு?

இன்னொண்டையும் சூப்பர்வைசரோட கதைச்சுப் பாருங்கோ. எங்கட மருந்துகள் கன காலமா மனுசர் குடிக்கிற மருந்து. கிளினிக்ல ஏற்கனவே அந்தச் சூரணம் எடுக்கிற ஆக்களிட்ட முறையாச் சம்மதம் கேட்டு, எதிக்ஸ் கமிட்டி அனுமதியோட, அவையின்ட சீனி ரிப்போர்ட்டை மாசக்கணக்கில பின்தொடர்ந்தா எலி தராத தகவல் வரும். பழைய மருந்து எண்டதால பாதுகாப்பானது எண்டு நான் சொல்லேல்லை, கேள்வியைப் பொறுத்து மனுசரே சரியான இடமா இருக்கலாம் எண்டு சொல்லுறன்.

1959ல இங்கிலாந்தில ரஸ்ஸல், பர்ச் எண்ட ரெண்டு பேர் வச்ச மூண்டு விதி இண்டைக்கும் எல்லா எதிக்ஸ் கமிட்டியும் கேக்கிறது: விலங்குக்குப் பதிலா வேற வழி இருக்கா, எண்ணிக்கையக் குறைக்கலாமா, வேதனையக் குறைக்கலாமா. முதலாவதுக்கு டெஸ்ட் டியூப்லயே கன வேலை செய்யலாம். சாப்பாட்டில இருக்கிற மாச்சத்தைச் சீனியாக்கிற ஆல்பா அமைலேஸ், ஆல்பா குளுக்கோசிடேஸ் எண்ட நொதிகளை உங்கட சாறு தடுக்குதா எண்டு பாக்கிறதுக்கு உயிரே தேவையில்லை. நாலஞ்சு சாறு இருந்தா அதில வடிகட்டி, நல்லா வேலை செய்யிற ஒண்டை மட்டும் எலிக்குக் கொண்டு போங்கோ. எந்த நொதியிலயும் ஒண்டும் காட்டாத சாறை "எலியில பாப்பம்" எண்டு எடுத்துட்டு வாறவை, வேற எந்த வழியால அது வேலை செய்யும் எண்டு நினைக்கினம் எண்டதை முதல்ல எழுதிக் காட்ட வேணும்.

நச்சுத்தன்மை பாக்கிற பிள்ளையளுக்கு முக்கியமா ஒண்டு. பழைய தீசிஸ்ல எல்டி 50 எண்டு இருக்கும், அதாவது அரைவாசி எலி சாகிற அளவு, 1927ல ட்ரெவன் எண்டவர் கொண்டு வந்த முறை. அதைப் பாத்து எழுதாதேங்கோ. டெஸ்ட் முறைகளுக்கு வழிகாட்டி வெளியிடுற ஓஈசிடி எண்ட சர்வதேச அமைப்பு அந்தப் பழைய 401ஆம் இலக்க முறையை 2002லயே நீக்கிட்டுது, இப்ப 420, 423, 425 எண்ட வழிகாட்டிகள் இருக்கு. 423ல ஒரு படிக்கு மூண்டு எலிதான், அதின்ட முடிவைப் பாத்துத்தான் அடுத்த படி.

இனி எண்ணிக்கை. "ஒரு குரூப்புக்கு ஆறு, எல்லாரும் அப்பிடித்தான்" எண்டது காரணம் இல்லை. முந்தின ஆய்வில அளவுகள் எவ்வளவு சிதறி இருக்கு எண்டு தெரிஞ்சா ஜி பவர் எண்ட இலவச சொஃப்ட்வெயர்ல கணக்குப் போடலாம். அது தெரியாட்டி மொத்த எலியில இருந்து குரூப் எண்ணிக்கையக் கழியுங்கோ, விடை 10க்கும் 20க்கும் இடையில வரவேணும். அஞ்சு குரூப், குரூப்புக்கு அஞ்சு எலி எண்டா 25ல 5 போக 20, காணும். ஆறு போட்டா 25 வரும், கூட. அதேநேரம் பாவம் பாத்து குரூப்புக்கு ரெண்டு எலியோட நிப்பாட்டினா முடிவு ஒண்டும் வராது, அந்த எலியள் வீணாச் செத்ததுதான் மிச்சம். எந்த எலி எந்தக் குரூப் எண்டு திருவுளச்சீட்டுப் போட்டுப் பிரியுங்கோ, கைக்கு முதல் அம்பிடுற எலி ஒண்டில சோர்ந்ததா இல்லை சாதுவானதா இருக்கும், அதெல்லாம் ஒரே குரூப்புக்குள்ள போயிடும். சீனி அளக்கிற ஆளுக்கு எது மருந்து எது தண்ணி எண்டு தெரியாம போத்தலுக்கு இன்னொராளைக் கொண்டு நம்பர் ஒட்டுங்கோ.

டோஸை ஊகிக்க வேண்டாம். மனுசருக்கு நாளுக்கு 6 கிராம் சூரணம், நிறை 60 கிலோ எண்டா கிலோவுக்கு 100 மில்லிகிராம், மனுச டோஸை எலி டோஸா மாத்திற எண் 6.2, அதால பெருக்கினா எலிக்குக் கிலோவுக்கு 620, இருநூறு கிராம் எலிக்கு 124 மில்லிகிராம். நாளைக்கு எந்த மனுசரும் குடிக்க ஏலாத அளவை எலிக்குள்ள ஊத்திப்போட்டு "பலன் இருக்கு" எண்டு எழுதுறதால ஆருக்கு என்ன பிரயோசனம்?

திருகோணமலையில வைக்கிறதெண்டா வெக்கையப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கோ. எலிக்கு 20 தொடக்கம் 26 பாகை செல்சியஸ் வேணும், இங்க கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில 35ஐத் தாண்டும், கரண்ட் போனா ஏசியும் போகும். ஜெனரேட்டர் இருக்கா, இரவில கரண்ட் போனா ஆர் வந்து பாக்கிறது எண்டு பேர் போட்டு எழுதி வையுங்கோ. வெக்கையில தவிக்கிற எலின்ட ரத்தத்தில வாற சீனி அளவும் நம்பக்கூடியதில்லை.

ஸ்ட்ரெப்டோசோடோசின் எண்ட, கணையத்தைப் பழுதாக்கிற மருந்தைக் குத்தி நீரிழிவு வரப்பண்ணுற ஆக்கள் இதைக் கவனமா வாசியுங்கோ. முதல் ஒண்டு ரெண்டு நாளில பழுதாகிற கணையத்தில இருந்து இன்சுலின் ஒரேயடியா வெளிய கொட்டி, சீனி இறங்கி எலி செத்துப்போகும், அதால அந்த நேரம் குடிக்கிற தண்ணியில குளுக்கோஸ் கலந்து வைக்க வேணும். பிறகு அதுகள் கனக்கத் தண்ணி குடிக்கும், கனக்க மூத்திரம் போகும், விரிப்பை ஒவ்வொரு நாளும் மாத்தாட்டி ஈரத்திலயே கிடக்கும். ஃபாஸ்டிங் சீனி எடுக்க இரவு முழுக்கப் பட்டினி போடுறதும் தேவையில்லை, எலி இரவிலதான் சாப்பிடும், பகலில ஆறு மணித்தியாலம் காணும். ரத்தமும் அளவோட எடுங்கோ: இருநூறு கிராம் எலிக்கு மொத்தமே ஏறக்குறைய 13 மில்லிலீற்றர், ஒருக்கா எடுக்கிறது அதில பத்திலொண்டுக்கு மேல போகக்கூடாது.

எலிக்கு நோகுது எண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேப்பீங்கள். கண் சுருங்கும், காது மடிஞ்சு சுருளும், மயிர் சிலிர்க்கும், கண்ணைச் சுத்தி செம்மண் நிறத்தில கசியும், மற்ற எலியளை விட்டு விலகி மூலையில கூனிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் நிறுங்கோ. நிறை அஞ்சிலொண்டு குறைஞ்சா அந்த எலிக்கு டெஸ்ட் முடிஞ்சுது எண்ட மாதிரி ஒரு எல்லைய ப்ரபோசலிலயே எழுதுங்கோ, அண்டைக்குப் போய் "இன்னும் ரெண்டு நாள் தானே" எண்டு மனசு மாறாமல் இருக்க அதுதான் வழி. கோணேசர் கோயிலுக்குப் போற வழியில கோட்டைக்குள்ள நிக்கிற மானுக்கு ஆரும் கல்லெறிஞ்சா நாங்கள் சண்டைக்குப் போவம். எலி வடிவா இல்லை எண்டதால அதுக்கு நோகிறது குறையாது.

சட்டத்தை நம்பி இருக்கேலாது. எங்கட மிருகவதைச் சட்டம் 1907ஆம் ஆண்டு 13ஆம் இலக்கம், லாப் எலியை மனசில வச்சு எழுதினதில்லை. அதால கமிட்டிக்கு முன்னால போறதைத் தடையா நினைக்காமல், வேலை தொடங்க முதலே போங்கோ, முடிச்சுப்போட்டுப் பின்தேதி போட்டுக் கேக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

கடைசியில எலிக்கு என்ன நடக்கும் எண்டதும் முதலே எழுத வேணும்: ஆர் செய்வினம், என்ன மயக்க மருந்து, எவ்வளவு. பழகின ஆள்தான் செய்யவேணும், மற்ற எலியள் இருக்கிற அறைக்குள்ள செய்யக்கூடாது. தீசிஸ்ல எத்தினை எலி எடுத்தது, எத்தினை இடையில செத்தது, ஏன் எண்டு மறைக்காமல் போடுங்கோ, அரைவ் எண்ட வழிகாட்டியில என்னென்ன எழுத வேணும் எண்டு பட்டியலே இருக்கு. மருந்து வேலை செய்யேல்லை எண்டாலும் அதையும் எழுதி எங்கயாவது வெளியிடுங்கோ, இல்லாட்டி ரெண்டு வருசத்தால இன்னொரு பிள்ளை அதே இலையை அரைச்சு இன்னொரு இருபத்தஞ்சு எலிக்குக் குடுக்கும்.