ஜிப்சம் போட் வேலைக்கு ஆள் பிடிக்கும்போது விடுகிற பிழைகள்

வன்னியில், எங்கள் விசுவமடு வீட்டு முன் ஹோலுக்கு ஜிப்சம் போட்டால், அதாவது ஜிப்சம் பலகையால், சீலிங் அடித்தது ஒரு கார்த்திகை மாதம். பொங்கலுக்கு முதல் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தியது நான்தான். மழைக்குள்ளேயே வேலை நடந்து, நான்காம் நாள் பெயின்றும் அடித்தாகிவிட்டது. பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்துப் புகழ்ந்தார்கள். சித்திரையில் பார்த்தால் நான்கு அடிக்கு ஒரு கோடு, வரப்புக் கட்டின வயல் மாதிரி. வேலை செய்தவரைக் கேட்டேன். "வெயிலுக்கு அப்பிடித்தான் வரும் அண்ணை" என்றார். ஏணியில் ஏறி, கத்தி நுனியால் ஒரு கோட்டைச் சுரண்டினேன். இரண்டு போட் சேரும் மூட்டை மூடப் பூசுகிற பட்டி பொடியாகக் கொட்டியது. அதற்குள் இருக்க வேண்டிய ரேப்பே இல்லை.

போட் அடிக்க ஆள் தேடுகிற நாங்கள், மூட்டுப் பூசத் தெரிந்த ஆளா என்று பார்ப்பதில்லை. ஒரு அறைக்குப் போட் ஏற்றுவது ஒரு நாள் வேலை. நாள் பிடிப்பது மூட்டுக்குத்தான். இரண்டு போட் சேரும் இடத்தில் பட்டி பூசி, அது ஈரமாக இருக்கும்போதே காகித ரேப்பைக் காற்றுக்குமிழ் இல்லாமல் அழுத்த வேண்டும். காய்ந்ததும் அதைவிட அகலமாக ஒரு பூச்சு, அதுவும் காய்ந்ததும் ஒரு அடி அகலத்துக்கு இன்னொன்று. பிறகுதான் சாண்ட்பேப்பர். வாளியில் வருகிற ரெடிமேட் பட்டி நல்ல வெயில் காலத்தில் ஒரு பூச்சுக்கு ஒரு நாள் கேட்கும். மார்கழி ஈரத்தில் இரண்டு நாளும் போதாமல் போகலாம். ஈரத்தோடு அடுத்த பூச்சைப் போட்டால், உள்ளே காயக் காயச் சுருங்கி மேலே வெடிக்கும். ஒட்டுகிற வலை ரேப் வைப்பதாக இருந்தால், தண்ணீர் கலந்தால் தானே இறுகுகிற தூள் பட்டிதான் முதல் பூச்சுக்குப் பொருத்தம். ஆளைப் பிடிக்கும்போது "எந்த ரேப், எத்தனை பூச்சு, இடையில் எத்தனை நாள்?" என்று கேளுங்கள். "ஒரே நாளில முடிச்சுத் தாறன்" என்பவரை விட்டுவிடுங்கள்.

வன்னியில் இந்த வேலைக்கு நல்ல காலம் மாசி, பங்குனி. நெல் வெட்டிக் கையில் காசும் இருக்கும், காற்றும் காய்ந்திருக்கும். ஆனால் எங்களுக்கு எல்லாம் பொங்கலுக்கு முதல்தான் வேண்டும்!

கனடாவில் இருக்கும் அண்ணன்மார் வட்ஸ்அப்பில் சொல்வதைக் கேட்டுச் சுவருக்கும் போட் அடிப்பது அடுத்த பிழை. அங்கே டிரைவோல் என்பதும் இதே சாமான்தான்: இரண்டு காகிதத்துக்கு நடுவே ஜிப்சம். ஆனால் அங்கே வீடு பெரும்பாலும் மரச்சட்டம், உள்ளே ஹீற்றர். இங்கே கல்லுச் சுவர், நிலத்திலிருந்து ஈரம் ஊறும். ஊறல் சுவரை மறைக்கப் போட் அடித்தால் அந்த ஈரத்தைக் காகிதம் குடிக்கும். பூஞ்சணம் பிடிக்கும், கறையானும் காகிதத்தைத் தேடி வரும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் நனைந்த கல்லுச் சுவர் காயும். ஊறி இளகிய ஜிப்சம் போட்டைக் கழற்றி எறியத்தான் வேண்டும். சுவருக்குச் சீமெந்துப் பூச்சே போதும். அறையைப் பிரிக்க ஒரு பாட்டிஷன் என்றால் சரி, அதுவும் நிலத்தைத் தொடாமல் அரை அங்குலம் தூக்கி அடிக்க வேண்டும். பச்சை நிறத்தில் வருகிற போட் ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. குளியலறைக்கு ஃபைபர் சீமெந்துப் போட் கேளுங்கள்.

சீலிங்குக்கு முன் கூரையைப் பாருங்கள். வீட்டுத்திட்ட வீடுகளில் ஓடு விலகியிருந்தால் முதல் மழைக்கே சீலிங்கில் தேநீர்க் கறை மாதிரி வட்டம் விழும். அணிலும் எலியும் மேலே போய்வரும், வயரையும் கடிக்கும். அதனால் ஒரு ஆள் ஏறக்கூடிய மூடி ஒன்று கட்டாயம் வைக்கச் சொல்லுங்கள். ஃபான் கொழுவி சீலிங் சட்டத்தில் அல்ல, கூரை வளையிலோ கொங்கிறீற்றிலோ இருந்து இறங்க வேண்டும். வயரிங் முடிந்ததும், போட் மூடுவதற்கு முன், கைபேசியில் நாலு படம் எடுத்து வையுங்கள். பிறகு எங்கே துளைக்கலாம் என்று தட்டித் தட்டிப் பார்க்கத் தேவையில்லை.

அடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது இரண்டு. ஸ்க்ரூத் தலை காகிதத்தைக் கிழிக்காமல் சற்றே உள்ளே அமுங்க வேண்டும். காகிதம் கிழிந்தால் அந்த ஸ்க்ரூவுக்குப் பிடி இல்லை, பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லுங்கள். சீலிங்கில் ஒரு அடிக்கு ஒரு ஸ்க்ரூ, சட்டத்துக்குச் சட்டம் 16 அங்குலம் நல்லது, 24ஐத் தாண்டவே கூடாது. மற்றது மூட்டு: செங்கல் அடுக்குவது போல விலகி வர வேண்டும். பாட்டிஷனில் கதவு மூலைக்கு நேரே மூட்டு வந்தால் அங்கேதான் முதல் வெடிப்பு.

காசுக் கணக்கிலும் கவனம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்றால் அதற்குள் சட்டம், ரேப், பட்டி, பிரைமர் எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். 12க்கு 10 அறை 120 சதுர அடி, 8க்கு 4 போட் ஒன்று 32. கணக்குக்கு 4 போட் வரும், ஒன்று உடைந்தால் 5. அந்த ஐந்தாவது யார் காசு? முற்பணமாகச் சாமான் காசை மட்டும் கொடுத்து, மிச்சத்தைச் சட்டம், போட், பூச்சு என்று பிரியுங்கள். கடைசிப் பங்கு பூச்சுக்கு.

அமெரிக்காவில் இந்தப் பூச்சு வேலைக்கு 0 முதல் 5 வரை தரம் வைத்திருக்கிறார்கள். மங்கல் பெயின்றுக்கு 4 போதும். பளபளப்புப் பெயின்ற் என்றால் 5, அதாவது போட் முழுவதற்கும் மெல்லிய பூச்சு. பிரைமரை மிச்சம் பிடித்தால் மூட்டு வேறு நிறமாகத் தெரியும்.

இரண்டாம் முறை எங்கள் ஹோலைத் திருத்த வந்தவர், பங்குனியில் ஆறு நாள் எடுத்தார். பெயின்றுக்கு முதல்நாள் இரவு லைற்றை அணைத்துவிட்டு, டோர்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். பகலில் கண்ணுக்குப் படாத மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நின்றது. பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தார். பதினொரு வட்டம். அடுத்த நாள் பெயின்ற் அடிக்கவில்லை.