பழைய பொருள் வாங்குவோருக்கு: ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் சட்டத்தின் முன் எப்போது நிற்கும்?

திருடப்பட்ட பொருளை விலை கொடுத்து வாங்கியவர் குற்றவாளியா, இல்லையா என்ற கேள்விக்கு விடை அந்தப் பொருளில் இல்லை. வாங்கிய நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதில் இருக்கிறது. ஒரே திருடனிடம் ஒரே நாளில் ஆளுக்கொரு கைப்பேசி வாங்கிய இருவரில் ஒருவர் சிறைக்குச் செல்லலாம். மற்றவர் சாட்சியாக மட்டும் நீதிமன்றப் படியேறிவிட்டுத் திரும்பலாம். பழைய கைப்பேசி, இருசக்கர வாகனம், நகை ஆகியவற்றை வாங்கும்போது அந்த இரண்டாமவராக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவு திருட்டுச் சொத்தைப் பற்றியது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 411ஆம் பிரிவாக இருந்தது, இப்போது 317இன் இரண்டாம் உட்பிரிவாகியுள்ளது. திருட்டுச் சொத்து என்று அறிந்தோ, அவ்வாறு நம்புவதற்குக் காரணம் இருந்தோ, அதை நேர்மையற்ற முறையில் பெறுபவருக்கு அல்லது வைத்திருப்பவருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பிணை கேட்பது உரிமையாக அமையாத குற்றம் இது என்பதால், காவல் நிலையத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று எண்ணக் கூடாது.

‘நம்புவதற்குக் காரணம்’ என்பதற்குச் சட்டம் தரும் வரையறை, அவ்வாறு நம்பப் போதுமான காரணம் ஒருவருக்கு இருக்க வேண்டும், இல்லையேல் இல்லை என்பதுதான். ஆகவே வெறும் சந்தேகம் போதாது, கவனக்குறைவும் போதாது. 2022இல் சிவ்குமார் எதிர் மத்தியப் பிரதேச மாநிலம் என்ற வழக்கில், குறைந்த விலைக்குப் பாத்திரங்களை விற்றார் என்ற ஒன்றை மட்டும் வைத்து, அவை திருட்டுப் பொருள்கள் என்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியும் என்ற முடிவுக்கு வர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த அறிவை, அதாவது திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரிந்திருந்ததை, மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பினுடையது என்பது 1950களில் வந்த திரிம்பக் வழக்கிலிருந்தே நிலைபெற்ற கொள்கை.

இதைப் படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் தப்பிவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். மனத்தில் இருந்ததை நேரில் காட்டும் சாட்சி எவரும் இல்லாததால், நீதிமன்றம் சூழ்நிலைகளைக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. விலை குறைவாக இருந்தது ஒரு சூழ்நிலை மட்டுமே. அதனோடு ரசீது இல்லை, விற்றவரின் பெயர் தெரியவில்லை, பணம் ரொக்கமாகக் கைமாறியது, பூட்டப்பட்ட கைப்பேசியைத் திறக்க விற்றவரால் முடியவில்லை என்பவையும் சேரும்போது, ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு வலு குறைந்துகொண்டே போகும். ‘நல்லெண்ணம்’ என்பதற்கும் அதே சட்டம் உரிய கவனமும் அக்கறையும் இன்றி நம்பியது நல்லெண்ணம் ஆகாது என்றே வரையறை தருகிறது.

பாரதிய சாட்சிய அதினியத்தின் 119ஆம் பிரிவு (முந்தைய சாட்சியச் சட்டத்தில் 114) இன்னும் நேரடியானது. திருட்டு நடந்த சிறிது காலத்துக்குள் அந்தப் பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் வந்த வழியை விளக்க முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று அறிந்து பெற்றார் என நீதிமன்றம் அனுமானிக்கலாம். கட்டாயம் அனுமானிக்க வேண்டும் என்றில்லை. கல்லாவில் அடையாளமிட்ட ரூபாய் ஒன்று கிடைத்து, அது எப்படி வந்தது என்று கடைக்காரரால் சொல்ல முடியாவிட்டாலும், நாள் முழுவதும் பணம் வாங்கிப் போடுபவர் அவர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டுடன் சொல்கிறது. ‘சிறிது காலம்’ என்பதற்கு நிலையான அளவு எதுவும் இல்லை. ஏரபத்ரப்பா வழக்கில் (1983), குற்றவாளி தலைமறைவாக இருந்த நிலையில், ஓராண்டு இடைவெளியைக்கூட உச்ச நீதிமன்றம் நீண்டதாகக் கருதவில்லை.

இனி செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். கைப்பேசியை விற்பவரின் முன்னிலையிலேயே இயக்கி, *#06# என்று அழுத்தினால் கைப்பேசியின் தனி அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும்; இரண்டு சிம் போடும் கைப்பேசியில் இரண்டு எண்கள் வரும். பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு இவற்றை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். பிறகு கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணையும் 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதே வசதி உண்டு. தடைசெய்யப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது ஆகிய மூன்றில் எந்தப் பதில் வந்தாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் அந்தப் பதிலைப் படித்த பிறகும் வாங்கினால் நம்புவதற்கான காரணத்தை நீங்களே உங்கள் கைப்பேசியில் பதிவு செய்துவைத்தவர் ஆவீர்கள். சிக்கல் இல்லை என்று பதில் வந்தால் அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள். காணாமல் போன கைப்பேசியை உரிமையாளர் இன்னும் பதிவு செய்யாமலிருந்தால் அந்தத் தளத்தாலும் கண்டுபிடிக்க இயலாது என்றாலும், வாங்கும் முன் நீங்கள் அக்கறையுடன் சரிபார்த்தீர்கள் என்பதற்கு அது சான்று.

இன்னொன்றை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: பழைய கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை விற்பவரே கடவுச்சொல்லை இட்டு உங்கள் கண் முன்னே நீக்க வேண்டும். ‘மறந்துவிட்டது, கடையில் கொடுத்தால் உடைத்துத் தருவார்கள்’ என்று சொன்னால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இருசக்கர வாகனத்துக்கு அசல் ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்றிப் பேச்சே வேண்டாம். சேசிஸ் எண் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி.யில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணலாகவோ சுற்றிலும் உலோகம் ராவப்பட்டோ இருந்தால் விலகிவிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் உரிமையாளர் விவரத்தையும் கடன் நிலுவையையும் பார்க்கலாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் ஆர்.சி.யில் உள்ள அதே நபர் உங்கள் முன் கையெழுத்திட வேண்டும். முன்கூட்டியே கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் புரோக்கர்களிடம் கட்டுக் கட்டாக இருக்கும். அவற்றை நம்பி வாங்கிவிட்டு, உரிமையாளரைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் தேடி விழிக்க நேரிடும்.

எந்தப் பொருளானாலும் ஒரு விற்பனைக் கடிதம் எழுதிக்கொள்ளுங்கள். விற்பவரின் பெயர், முகவரி, கைப்பேசி எண், பொருளின் அடையாள எண்கள், அது அவருக்கு எப்படி வந்தது, விலை, பணம் கொடுத்த முறை, தேதி, நேரம், இரு தரப்பின் கையெழுத்து, முடிந்தால் ஒரு சாட்சி ஆகியவை அதில் இருந்தால் போதும். முத்திரைத்தாளில் எழுதினால்தான் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வாங்கிய நேரத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைக் காட்டுவதற்கு வெள்ளைத்தாளும் அதே பயனைத் தரும். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ செலுத்தி, திரையில் தோன்றும் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். சிக்கல் வந்த பின்னர் பழைய தேதியிட்டுக் கடிதம் தயாரிப்பதைக் கனவிலும் நினைக்கக் கூடாது. பொய்ச் சான்று புனைவது தனிக் குற்றம் என்பதோடு, உங்களுக்கு உண்மை தெரிந்தே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

நகை விஷயத்தில், வாங்குவதைக் காட்டிலும் அடகு வைத்துக் கொடுப்பதே நம் ஊரில் அதிகம் பேரைச் சிக்க வைக்கக்கூடியது. ‘ஆதார் கையில் இல்லை, உங்கள் பெயரில் வைத்துக் கொடுங்கள் அண்ணா’ என்று தெரிந்தவர் ஒருவர் கேட்பார். பொருள் உங்களிடம் ஒரு மணி நேரம் மட்டுமே இருந்திருக்கும். ஆனால் அடகுச் சீட்டில் இருப்பது உங்கள் பெயர். திருட்டுச் சொத்து என்று அறிந்தோ நம்பக் காரணம் இருந்தோ, அதை மறைக்கவோ கைமாற்றவோ உதவுபவருக்கும் 317இன் ஐந்தாம் உட்பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை உண்டு. கூலி வேலை பார்க்கும் இளைஞர் பத்துப் பவுன் நகையைக் கொண்டுவந்து, வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சினால், அந்த இரண்டு செய்திகளும் சேர்ந்தே உங்களுக்கு எதிராகப் பேசும். யாருக்காகவும் உங்கள் பெயரில் அடகு வைக்காதீர்கள்.

பழைய பொருள் வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வழக்கமாகத் திருட்டுச் சொத்தைக் கைமாற்றுபவருக்கு ஆயுள் சிறை வரை செல்லக்கூடிய தனி உட்பிரிவு இருக்கிறது. கடையில் வேறு பல திருட்டுப் பொருள்களும் அதே நேரத்தில் கிடைத்தால், அந்த உண்மையைச் சாட்சியாகக் கொள்ளலாம் என்பதும் சாட்சியச் சட்டத்தில் உள்ளது. தினமும் எழுதப்படும், பக்க எண் இட்ட பதிவேடு வைத்திருங்கள்.

பலர் அறியாத ஒன்று, அறிவு பின்னால் வந்தாலும் கணக்கில் சேரும் என்பதாகும். பெறுவது மட்டுமல்லாமல் வைத்திருப்பதும் குற்றம் என்று பிரிவு சொல்வதால், கள்ளமின்றி வாங்கிய ஒருவர், அது திருட்டுப் பொருள் என்று பிறகு தெரிந்தும் நேர்மையற்ற நோக்கோடு வைத்துக்கொண்டால், அந்த நாளிலிருந்து அவர் நிலை மாறுகிறது. அவ்வாறு தெரிந்ததும் விற்றவரிடமே ரகசியமாகத் திருப்பிக் கொடுப்பதோ, வேறொருவருக்குத் தள்ளிவிடுவதோ தீர்வாகாது. கடிதத்துடனும் பணம் செலுத்திய சான்றுடனும் வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் ஒப்படைத்து, ஒப்புகை பெறுங்கள்.

காவல் துறையே உங்களைத் தேடி வந்தால் பொருளை ஒளிக்க வேண்டாம். கைப்பேசியில் உள்ள எதையும் அழிக்கவும் வேண்டாம். யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதை முதல் வாய்ப்பிலேயே மாற்றமின்றிச் சொல்வது மிக முக்கியம், ஏனெனில் நீதிமன்ற விசாரணையின்போது முதன்முறையாகச் சொல்லப்படும் விளக்கத்தை நீதிமன்றங்கள் எளிதில் நம்புவதில்லை. காவலரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் அதைக் கொடுத்தவர் கையெழுத்திடக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு கூறுகிறது. பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜர் வேறு. அதைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் பொருள் உங்களிடம் தங்காது. விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது என்பது 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவில் உள்ள பொது விதி. அறியாமை தண்டனையிலிருந்து காக்குமே தவிர உடைமையைத் தராது. கொடுத்த பணத்துக்காக விற்றவர் மீது உரிமையியல் வழக்குத் தொடரலாம். அதைவிட எளிய வழி ஒன்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 499ஆம் பிரிவில் இருக்கிறது. திருட்டுக்காகவோ திருட்டுப் பொருளைப் பெற்றதற்காகவோ விற்றவர் தண்டிக்கப்பட்டு, அவர் கைதான போது அவரிடமிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால், திருட்டுப் பொருள் என்று அறியாமலும் நம்பக் காரணமின்றியும் வாங்கியவர் விண்ணப்பிக்கலாம். பொருள் உரியவரிடம் திரும்பியதும், அவர் கொடுத்த விலைக்கு மேற்படாத தொகையை அந்தப் பணத்திலிருந்து வழங்க நீதிமன்றம் உத்தரவிடலாம். இந்தத் தொகை தானாக வந்து சேராது; விலையைக் காட்டும் சான்றுடன் வாங்கியவரே விண்ணப்பிக்க வேண்டும்.